மாநிலங்கள் தீர்மானம் போட்டால் என் மகளின் திருமணம் செல்லாமல் போய்விடுமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வேலை பார்க்கிறாள். 2019-ல் அங்கேயே ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்களுக்கு மனம் ஒப்ப நாளாயிற்று. இப்போது இரண்டு வயதில் பேரன் இருக்கிறான். அவனைப் பெற்றவள் மகளின் மனைவி. மகளுக்குக் கிரீன் கார்டு கிடைத்ததும் இந்தத் திருமணத்தின் வழியாகத்தான். இப்படிப்பட்ட திருமணங்களை ரத்து செய்யச் சொல்லிப் பல மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் கொண்டுவருகின்றன என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. திருமணம் செல்லாது என்று ஆகிவிட்டால் கிரீன் கார்டும் போய்விடுமா? பேரனுக்குத் தாய் யார் என்பார்கள்? வேறு மாநிலத்துக்குப் போய் மறுபடியும் திருமணம் செய்துகொள்ளச் சொல்லட்டுமா? பாளையங்கோட்டையில் அவள் பெயரில் ஒரு வீடும் இருக்கிறது. மகளைக் கேட்டால், "ஒன்றும் ஆகாதும்மா" என்று பேச்சை முடித்துவிடுகிறாள். (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி)

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் குடும்பச் சட்ட வழக்குகளை நடத்துகிற ஒரு வழக்கறிஞர் என்ற முறையில், முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த தீர்மானங்கள் எதுவும் உங்கள் மகளின் திருமணத்தைத் தொடவில்லை, தொடவும் முடியாது. கிரீன் கார்டைப் பற்றி நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பேரன் விஷயத்தில், "ஒன்றும் ஆகாதும்மா" என்ற பதில் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அதற்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை இப்போதே செய்துவிடுவது நல்லது.

2025-ன் தொடக்கத்தில் ஐடஹோ, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மொன்டானா, மிச்சிகன் ஆகிய ஐந்து மாநிலங்களில், தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் சட்டபூர்வமாக்கிய 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் திரும்பப்பெற வேண்டும் என்று கோரும் தீர்மானங்கள் முன்வைக்கப்பட்டன. ஐடஹோவின் கீழவை அதை 46-க்கு 24 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. வடக்கு டகோட்டாவில் கீழவை நிறைவேற்றி அனுப்பியதை மேலவை தோற்கடித்துவிட்டது. இவை சட்டங்கள் அல்ல. மத்திய அரசை வலியுறுத்தி நம் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பும் தீர்மானத்துக்கு என்ன வலிமை உண்டோ, அதே வலிமைதான் இவற்றுக்கும் உண்டு. உச்ச நீதிமன்றம் இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடக் கடமைப்பட்டதல்ல. அதே ஆண்டில் டெக்சஸ், டென்னசி, ஓக்லஹோமா, மிசூரி மாநிலங்களில் 'உடன்படிக்கைத் திருமணம்' என்ற பெயரில், ஆணும் பெண்ணும் மட்டுமே செய்துகொள்ளக்கூடிய ஒரு தனி வகைத் திருமணத்தை உருவாக்கும் மசோதாக்களும் வந்தன. லூசியானா 1997-லேயே இப்படி ஒரு சட்டத்தை இயற்றிவிட்டது. அங்கே அதைத் தேர்ந்தெடுப்போர் மிகச் சிலரே. எப்படியிருந்தாலும், அது மற்றவர்களின் திருமணத்தைச் செல்லாததாக்கும் சட்டம் அல்ல.

அப்படியானால் சட்ட வலிமை இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பேர் ஏன் உழைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கருக்கலைப்பு உரிமை பறிபோன வரலாறுதான் அதற்குக் காரணம். அந்த உரிமையை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் காத்துவந்த தீர்ப்பு, எந்தத் தீர்மானத்தாலும் விழவில்லை. மிசிசிப்பி மாநிலம் 2018-ல் அந்தத் தீர்ப்புக்கு முரணான ஒரு சட்டத்தைத் தெரிந்தே இயற்றியது; அதன் மீது தொடுக்கப்பட்ட வழக்கு மேலே மேலே சென்று, 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பையே தூக்கியெறிந்தது. அப்போது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய குறிப்பில், தன்பாலினத் திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோவோ, இது கருக்கலைப்பு தொடர்பில்லாத பிற தீர்ப்புகளை ஐயத்துக்குள்ளாக்காது என்று குறிப்பிட்டார். இந்த இரண்டு குறிப்புகளில் எதை நம்புவது என்பதில்தான் இரு தரப்பு அரசியலும் நடக்கிறது. 2025 ஜூனில் தெற்கு பாப்டிஸ்ட் திருச்சபைப் பேரவை டெக்சஸின் டல்லஸ் நகரில் கூடி, 2015 தீர்ப்பை மாற்ற வேண்டும் என்று தீர்மானித்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

தீர்ப்பு வழங்கப்பட்டபோது ஐந்துக்கு நான்கு என்ற கணக்கு. ஆதரித்த ஐவரில் இப்போது நீதிமன்றத்தில் இருப்பவர்கள் இருவர். எதிர்த்த நால்வரில் மூவர் இருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பலரும் அஞ்சுகிறார்கள்; அந்த அச்சத்தை நான் அசட்டை செய்யமாட்டேன். ஆயினும் அண்மையில் ஒரு வாய்ப்பு நேராகவே வந்தது. கென்டக்கி மாநிலத்தின் ரோவன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 2015-ல் தன்பாலின இணையருக்குத் திருமண உரிமம் தர மறுத்துச் சில நாள் சிறையிலும் இருந்த எழுத்தர் கிம் டேவிஸ், தன்மேல் விதிக்கப்பட்ட இழப்பீட்டை எதிர்த்த மனுவில், அந்தத் தீர்ப்பையே ரத்து செய்யும்படி கேட்டிருந்தார். ஒரு மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள ஒன்பது நீதிபதிகளில் நால்வர் சம்மதித்தால் போதும். 2025 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. மறுப்புக்கு எதிராக ஒரு நீதிபதியும் எழுதவில்லை. அது பலவீனமான வழக்கு என்பதும் உண்மைதான். ஆகையால் இதை இறுதி வெற்றி என்று கொள்ளாமல், இப்போதைக்கு அவசரம் காட்ட நீதிபதிகள் விரும்பவில்லை என்பதற்கான அடையாளமாகக் கொள்வதே சரி. பொதுமக்கள் கருத்தும் ஒரு தடுப்பாக இருக்கிறது. 2025-ல் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 68 விழுக்காட்டினர் இத்திருமணங்களை ஆதரித்தார்கள். ஆனால் குடியரசுக் கட்சியினரிடையே ஆதரவு 41 விழுக்காடாகச் சரிந்திருந்தது. மாநிலச் சட்டமன்றங்களில் இந்தத் தீர்மானங்கள் முளைப்பது இந்தச் சரிவிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

இனி டெக்சஸ். செய்தித்தாள்கள் போதிய அளவு விளக்காத ஒன்று இங்கே இருக்கிறது. 2005-ல் டெக்சஸ் வாக்காளர்களில் சுமார் 76 விழுக்காட்டினர், திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் மட்டுமே என்று மாநில அரசியலமைப்பில் எழுதிவைத்தார்கள். அந்த வாசகம் இன்றும் அழிக்கப்படவில்லை. 2015 தீர்ப்பு அதைச் செயலிழக்கச் செய்ததே ஒழிய, நீக்கவில்லை. தீர்ப்பு விழுமானால், புதிதாக ஒரு சட்டம் இயற்ற வேண்டிய தேவையே இல்லாமல் அந்த வாசகம் உயிர்பெற்றுவிடும். இப்படி உறங்கிக்கிடக்கும் தடைகள் நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளன. கலிபோர்னியா, கொலராடோ, ஹவாய் ஆகிய மூன்றிலும் 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து இவற்றைத் துடைத்தெறிந்தார்கள். நெவாடா 2020-லேயே செய்துவிட்டது. டெக்சஸில் அதற்கு முதலில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். என் காலத்தில் அது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. (கலப்பினத் திருமணத் தடையை உச்ச நீதிமன்றம் 1967-ல் செல்லாதென்ற பிறகும், அலபாமா தன் அரசியலமைப்பிலிருந்து அந்த வாசகத்தை நீக்கியது 2000-ஆம் ஆண்டில்தான், நீக்கக் கூடாது என்று அப்போதும் வாக்களித்தவர்கள் பலர்.)

அப்படி ஒரு நாள் தீர்ப்பு விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புதிதாகத் திருமணம் செய்ய விரும்புவோருக்கு டெக்சஸ் உரிமம் தருவதை நிறுத்திவிடலாம். ஏற்கெனவே திருமணம் செய்துகொண்டவர்களின் நிலை என்ன? இதற்கு விடை சொல்ல ஊகம் தேவையில்லை. சட்டம் முன்னும் பின்னுமாக ஊசலாடிய ஆண்டுகளில் நடந்தவையே போதும்.

2004 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ மேயர் கேவின் நியூசம், மாநிலச் சட்டம் இடம் தராதபோதே தன்பாலின இணையருக்கு உரிமம் வழங்கச் சொன்னார். ஒரே மாதத்தில் ஏறத்தாழ நாலாயிரம் இணையர் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த ஆகஸ்டில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவை அத்தனையும் செல்லாது என்றது. காரணம், உரிமம் கொடுத்த அதிகாரிக்கு அதைக் கொடுக்கும் அதிகாரமே இல்லை என்பது. நான்கு ஆண்டுகள் கழித்து நடந்தது நேர்மாறானது. 2008 மே மாதம் அதே நீதிமன்றம் இத்திருமணங்களை அனுமதித்தது. நவம்பரில் வாக்காளர்கள் 'எட்டாவது முன்மொழிவு' என்ற பொதுவாக்கெடுப்பின் வழியாக அதைத் தடை செய்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் சுமார் 18,000 இணையர் மணந்திருந்தார்கள். 2009 மே மாதத்தில் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது, ஆனால் அந்த 18,000 திருமணங்களும் செல்லும் என்றும் சொன்னது. யூட்டாவில் 2013 டிசம்பர் 20-லிருந்து 2014 ஜனவரி 6 வரை, ஒரு கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்கும் அதற்கு உச்ச நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடைக்கும் நடுவே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணையர் மணந்தார்கள். அவர்களின் திருமணத்தை மாநில அரசு அங்கீகரிக்க மறுத்தது. அதை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று 2014 மே மாதத்தில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். திருமணம் நடந்த நாளில் சட்டம் அதை அனுமதித்திருந்ததா என்பதே நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. உங்கள் மகளின் திருமணம் 2019-ல், முழு அதிகாரமுள்ள கவுண்டி அலுவலகம் கொடுத்த உரிமத்தோடு நடந்தது. ஆனால் யூட்டா இணையர்கள் அந்த உத்தரவுக்குப் பிறகும், மேல்முறையீடு முடியும்வரை பல மாதங்கள் காப்பீட்டுக்கும் குழந்தையின் தத்தெடுப்புக்கும் அலைக்கழிக்கப்பட்டார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. திருமணம் அழியாது, அங்கீகாரத்தில் இழுபறி வரலாம்.

இந்த இழுபறியைக் குறைக்கத்தான் 2022 டிசம்பர் 13-ல் 'திருமண மதிப்புச் சட்டம்' கையெழுத்தானது. அமெரிக்க நாடாளுமன்ற மேலவையில் அது 61-க்கு 36 என்று நிறைவேறியபோது குடியரசுக் கட்சியினரில் பன்னிருவர் ஆதரித்து வாக்களித்தார்கள். எந்த மாநிலத்தில் திருமணம் நடந்ததோ அங்கே அது செல்லுபடியானதென்றால், மத்திய அரசு அதை ஏற்க வேண்டும். மற்ற மாநிலங்களும் தம்பதியரின் பால் காரணமாக அதை மறுக்கக் கூடாது. ஒபர்கஃபெல் என்ற பெயரில் வழங்கும் அந்த 2015 வழக்கு தொடங்கிய விதத்தைப் பாருங்கள். ஒஹையோவைச் சேர்ந்த ஜிம் ஒபர்கஃபெல், நரம்பு நோயால் படுக்கையில் கிடந்த ஜான் ஆர்தரை மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்கு அழைத்துச் சென்று, 2013 ஜூலையில் விமான நிலைய ஓடுதளத்திலேயே மணந்துகொண்டார். ஆர்தர் இறந்தால் இறப்புச் சான்றிதழில் கணவரின் பெயரைச் சேர்க்க ஒஹையோ மறுக்கும் என்பதுதான் வழக்கு. இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. ஆனால் இந்தச் சட்டம் எந்த மாநிலத்தையும் புதிய உரிமம் தரும்படி கட்டாயப்படுத்தவில்லை. மாநிலங்களை நோக்கிய அதன் விதி 'மற்றொரு மாநிலத்தின்' திருமணப் பதிவுகளைப் பற்றியே பேசுகிறது. டெக்சஸில் நடந்த திருமணத்தை டெக்சஸே எப்படி நடத்த வேண்டும் என்பதை அது நேராகச் சொல்லவில்லை. அங்கே நமக்குத் துணை, மேலே சொன்ன பழைய தீர்ப்புகள்தான்.

இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் சிலர், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலத்துக்குப் போய் மறுபடியும் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. செல்லுபடியாகும் திருமணம் ஒன்று இருக்க, இரண்டாவது சான்றிதழ் வாங்குவதால் 'எந்த நாளிலிருந்து நீங்கள் தம்பதியர்?' என்ற புதுக் கேள்விதான் பிறக்கும். குடியேற்றத் துறையில் கொடுத்த படிவங்களிலும் வருமானவரிக் கணக்கிலும் 2019-ஆம் ஆண்டு இருக்கும்போது, இன்னொரு தேதியை நாமே உண்டாக்கிக் கொடுப்பது விவேகம் ஆகாது.

கிரீன் கார்டு முழுக்க மத்திய அரசின் விஷயம். திருமணம் நடந்த இடத்தின் சட்டத்தைத்தான் குடியேற்றத் துறை பார்க்கும், தம்பதியர் குடியிருக்கும் மாநிலத்தின் விருப்பத்தை அல்ல. தன்பாலினத் திருமணங்களை மத்திய அரசு ஏற்காதபடி தடுத்திருந்த சட்டத்தை 2013 ஜூன் 26-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இரண்டே நாளில், நியூயார்க்கில் மணந்து ஃபுளோரிடாவில் வாழ்ந்த ஓர் இணையருக்குக் கிரீன் கார்டு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அப்போது ஃபுளோரிடாவில் தடை முழு வலிமையோடு இருந்தது. எனினும் உங்கள் மகள் கிரீன் கார்டு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகி, அந்தக் காலம் முழுவதும் அமெரிக்கக் குடிமகளான மனைவியோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை வந்துவிட்டால் அவருடைய இருப்பு திருமணத்தைச் சார்ந்ததாக இருக்காது. இந்தியக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். ஆனால் வெளிநாட்டு இந்தியர் (OCI) அட்டை பெற்று, இங்குள்ள வீட்டைத் தொடர்ந்து வைத்திருக்கத் தடையில்லை.

பேரனைப் பற்றியதை நிதானமாகப் படியுங்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் இரு தாய்மார் பெயரும் இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பதியர் என்பதால் இருவர் பெயரையும் பதிய வேண்டும் என்று ஆர்கன்சா மாநிலத்து வழக்கொன்றில் 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் ஓர் அலுவலகப் பதிவு மட்டுமே. உங்கள் மகள் தாயாவது அவர் பெற்றவளின் மனைவி என்ற ஒரே காரணத்தால். அந்தக் காரணத்தின் வேர் 2015 தீர்ப்பில் இருக்கிறது. இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் உரிமையைக் குழந்தையின் தலைக்கு மேல் விட்டுவைக்க எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் மகள் நீதிமன்றத்தின் வழியாகப் பேரனைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். தத்தெடுப்பு ஆணை ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் ஏற்றாக வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் கட்டளை. ஜார்ஜியாவில் ஒரு தாய் பெற்ற தத்தெடுப்பு ஆணையை அலபாமா உச்ச நீதிமன்றம் 2015-ல் ஏற்க மறுத்தது. 2016 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல், ஒருமனதாக அதைத் திருத்தியது. அந்தத் தீர்ப்பில் திருமணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. நமக்கு வேண்டியதும் அதுதான்: திருமணம் பற்றிய சட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அசையாத ஓர் ஆணை.

இதைச் சொன்னால் உங்கள் மகளுக்குக் கோபம் வரும். பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்க்கும் பிள்ளையைத் தானே தத்தெடுப்பதா, வீட்டு ஆய்வுக்கும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கும் ஆட்பட வேண்டுமா என்று கேட்பார். நியாயமான கோபம். தானமாகப் பெற்ற விந்தணுவால் மனைவி கருவுற்ற ஒரு கணவனிடம் எந்த நீதிமன்றமும் இதைக் கேட்பதில்லை. இந்த அவமானத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி என் கட்சிக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கே கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜனவரியில்தான் கூடும், அடுத்தது 2027. அதற்குள் ஆணை கையில் இருக்கட்டும்.

கூடவே இருவரும் ஒருவருக்கொருவர் உயில், மருத்துவ முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரம், பொருளாதார விவகாரங்களுக்கான அதிகாரப் பத்திரம், இறுதிச் சடங்கை நடத்தும் உரிமையைக் குறிக்கும் படிவம் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். இவை எல்லாத் தம்பதியருக்கும் பொருந்தும். ஓய்வூதியக் கணக்குகளிலும் காப்பீட்டிலும் 'மனைவி' என்று மட்டும் எழுதாமல் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை வீட்டை எந்த அமெரிக்கச் சட்டமும் காப்பாற்றாது. 2023 அக்டோபர் 17-ல் நம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டதால், உயில் எழுதாமல் உங்கள் மகளுக்கு ஏதேனும் நேர்ந்தால், அவருடைய மனைவிக்கு அந்த வீட்டில் வாரிசுரிமை கிடையாது. பேரனை மகன் என்று ஏற்பதும் வழக்குக்கு உள்ளாகலாம். இந்தியச் சொத்துக்கென்று தனி உயில் ஒன்றை எழுதி, அடுத்த முறை ஊருக்கு வரும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் பதிவு செய்துகொள்ளட்டும். அமெரிக்க உயிலை எழுதும் வழக்கறிஞரிடம் இந்த உயிலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்ற வழக்கமான வரி, கவனிக்காமல் விட்டால், பாளையங்கோட்டை உயிலையும் சேர்த்து அழித்துவிடும்.